மரம் விழுந்த சாலையில் மூளை என்ன செய்கிறது?

நவம்பர் மழை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ், பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் ஏழெட்டு வண்டிகள், அதற்கும் முன்னால் சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம். டிரைவர் எட்டிப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

எனக்குக் கோயம்புத்தூரில் சாயங்கால ரயில். கணக்கெல்லாம் பக்காவாகப் போட்டு வைத்திருந்தேன். மேட்டுப்பாளையத்தில் இத்தனை மணிக்கு இறங்க வேண்டும், அங்கிருந்து ஜங்ஷனுக்கு இவ்வளவு நேரம், காபி குடிக்கப் பத்து நிமிடம் என்று. மரத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று நன்றாகத் தெரிந்தும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் ஒருவர் கண்டக்டரைத் திட்டினார், கண்டக்டர்தான் மரத்தை வெட்டிச் சாய்த்தது போல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் கொளுந்து பறித்தவர், பையிலிருந்து வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். “சாப்புடு தம்பி. மரம் நம்ம டைம் பாத்தா விழும்?”

ஒரே பஸ், ஒரே மரம். அவருக்கு வர்க்கி இறங்குகிறது, எனக்கு எச்சில்கூட இறங்கவில்லை. பாட்டிக்குப் பொறுமை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் பொறுமை என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாக இருக்கிறது.

முதலில் இந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அந்தச் செல்கள் படபடவென்று துடிக்கும். சாறு வருவதற்குச் சற்று முன்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிடும், சாறுக்கு ஒன்றும் இருக்காது. அதாவது விளக்கைப் பார்த்த அந்த நொடியிலேயே மூளை சாற்றை வரவு வைத்துவிடுகிறது. இப்போது விளக்கை எரியவிட்டு, சாற்றைத் தராமல் விட்டால்? சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அந்தச் செல்கள் கிட்டத்தட்ட மௌனமாகிவிடும். வெளியே எதுவுமே நடக்கவில்லை, ஒரு சத்தம்கூட இல்லை, ஆனாலும் உள்ளே ஒரு பள்ளம். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை இப்படித்தான் எழுதிக்கொள்கிறது.

கல்யாணப் பந்தியில் பாயசமே இல்லை என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாயசம் பக்கத்து இலை வரைக்கும் வந்து வாளி காலியானால்தான் மனசு என்னவோ போல ஆகிறது.

எங்கள் மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் 1899லிருந்து ஓடுகிறது, அத்தனை வருடமும் வடகிழக்குப் பருவமழையில் மண் சரிவதும் பாறை உருள்வதும் ஓட்டம் நிற்பதும் அதன் கூடவே வருகிறது. ரயில் ரத்து என்று அறிவித்ததும், மாதக்கணக்கில் முன்பதிவு செய்துவிட்டு வந்தவர் முகத்தைப் பார்க்க முடியாது. டிக்கெட்டே எடுக்காமல் வந்து நின்றவர் “சரி, பஸ்ஸுல போவோம்” என்று கிளம்பிவிடுவார். இருவருக்கும் அன்றைக்குக் கிடைத்தது ஒன்றுதான், பஸ். ஆனால் ஒருவர் மூளை அந்தப் பயணத்தை என்றைக்கோ வரவு வைத்துவிட்டது.

இந்தப் பள்ளத்தோடு நின்றால் பரவாயில்லை. பிடிக்காதது ஒன்று நடந்துவிட்டது என்று அமிக்டலாவுக்கு, அதாவது மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் ஒரு பகுதிக்கு, சேதி போனதும் அது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியை உசுப்புகிறது. சில நொடிகளில் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுகிறது. இதயம் வேகமெடுக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றுக்குப் போகும் ரத்தம் கைகால்களுக்குத் திரும்பும். வர்க்கி இறங்காத காரணம் இதுதான். அதே சுரப்பி கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனையும் விடுகிறது, ஆனால் அது நிதானமாக வரும். ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம்கூட ஆகலாம். பிரச்சினை முடிந்து, வண்டி கிளம்பி, எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் இன்னும் சிடுசிடுவென்று இருப்பதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார் செய்யும் ஏற்பாடு இது. நாமோ பஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம், ஓட ஒரு இடமும் இல்லை.

அரை மணி கழித்து டிரைவர் திரும்பி வந்தார். “நெடுஞ்சாலைக்காரங்க கிளம்பிட்டாங்களாம். எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும். அவசரமா போறவங்க குன்னூர் திரும்பி கோத்தகிரி வழியா போய்க்கங்க.” இரண்டு மணி நேரம் என்றால் என் ரயில் போச்சு. கெட்ட செய்திதான். ஆனால் அதைக் கேட்டதும் பஸ்ஸே தளர்ந்தது. திட்டிக்கொண்டிருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார், எனக்கும் தோள் இறங்கியது. அப்போது எனக்கு இது விளங்கவே இல்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்த ஓர் ஆய்வு 2016ல் வெளிவந்தது. 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். திரையில் பாறை தெரியும், அதன் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று ஒரு மின் அதிர்ச்சி. எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை நடுநடுவே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வியர்வை, கண் பாவையின் விரிவு, அவர்களே சொன்ன பதற்றம் எல்லாவற்றையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்தில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சரிபாதியாக நின்ற இடத்தில்தான் அது உச்சம் தொட்டது. நூறு சதவீதம் வலிக்கும் என்று தெரிந்தபோது அதைவிட அமைதியாக இருந்தார்கள்.

போக்குவரத்து நிற்கும்போது போலீஸ்காரரிடம் “எப்ப சார் தெறப்பாங்க?” என்று கேட்டு “சொல்ல முடியாதுங்க” என்று பதில் வாங்கியவர்களுக்கு இந்த ஆய்வு தேவையே இல்லை. ரயில் போய்விட்டது என்றால் மூளை அந்தக் கணக்கை மூடிவிட்டு அடுத்ததைப் பார்க்கும். பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம் என்றால் இரண்டு கணக்கையும் திறந்து வைத்துக்கொண்டு நொடிக்கு நொடி கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. யாருடைய பதற்றம் அந்த நிச்சயமின்மையோடு ஒட்டி ஏறி இறங்கியதோ அவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகப் பாம்பை ஊகித்தார்கள். ஆக, அந்தப் பதற்றம் முழுக்க வீண் இல்லை, கவனிக்கச் சொல்லி மூளை தட்டும் தட்டு அது. சாலையில் மரம் கிடக்கும்போது நான் கவனித்து ஆகப்போவது ஒன்றும் இல்லை என்பது வேறு கதை.

இப்போது வளைந்துகொடுப்பது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் பழைய திட்டத்தைக் கைவிட்டுப் புதியதற்கு மாறும் வேலையைப் பார்க்கிறது. இதைச் சோதிக்க 1948லிருந்தே ஒரு சீட்டுச் சோதனை இருக்கிறது. சீட்டுகளை நிறப்படி பிரிப்பதா, வடிவப்படியா, எண்ணிக்கைப்படியா என்று விதியைச் சொல்ல மாட்டார்கள், சரி தவறு மட்டும் சொல்வார்கள். நீங்கள் விதியைக் கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் சரியாக அடுக்கியதும், சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றிவிடுவார்கள். நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1963ல் காட்டியபடி, முன்மூளையின் சில பகுதிகளில் பாதிப்பு உள்ளவர்கள் தவறு, தவறு என்று கேட்டுக்கொண்டே பழைய விதிப்படியே அடுக்கிக்கொண்டு போனார்கள்.

நமக்கு மூளையில் பாதிப்பு எதுவும் வேண்டாம், நல்ல பதற்றம் ஒன்று போதும். அட்ரினலினின் உறவான நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளும் டோபமைனும் முன்மூளைக்குச் சாம்பாரில் உப்பு மாதிரி, அளவாக இருந்தால் வேலை நன்றாக நடக்கும், அள்ளிக் கொட்டினால் வாயில் வைக்க முடியாது. பதற்றத்தில் கொட்டுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். அளவு மீறினால் முன்மூளையின் பிடி தளர்ந்து, பழக்கத்தால் நடக்கும் செயல்கள் முன்னுக்கு வருகின்றன. சிக்னல் இல்லாத போனை நான் எடுத்து எடுத்துப் பார்த்தது அதே பழைய விதிச் சீட்டுதான். மாற்று வழியை யோசிக்க வேண்டிய நேரத்தில்தான் அதை யோசிக்கும் பகுதி மங்குகிறது. இது கொஞ்சம் அநியாயமான வடிவமைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் நிதானம் என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998ல், அருவருப்பூட்டும் அறுவை சிகிச்சைக் காட்சியைப் பார்க்க வைத்துச் சோதித்தார். முகத்தில் காட்டக் கூடாது என்று அடக்கியவர்களுக்கு அருவருப்பு குறையவே இல்லை, உடம்பின் கொந்தளிப்புதான் கூடியது. வேறு கோணத்தில் நினைத்துப் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த உணர்வே குறைந்தது. மலைச்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். அதனால்தான் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கிறார்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

உடம்புக்கும் அப்படி ஒரு கியர் உண்டு, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கி வரும் வேகஸ் நரம்பு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும், விடும்போது இந்த நரம்பின் வழியாக வேகம் குறையும். மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டால் இறக்கத்தில் கியர் போட்டது போலத்தான். மந்திரமெல்லாம் இல்லை. இன்னொன்று, உணர்வுக்குப் பெயர் வைப்பது. கோபமோ பயமோ தெரியும் முகப் படத்தைக் காட்டி அந்த உணர்வைச் சொல்லால் சொல்ல வைத்தால் அமிக்டலாவின் செயல்பாடு குறைவதாக 2007ல் மேத்யூ லீபர்மன் குழு காட்டியது. “எனக்கு எரிச்சலா இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்வதில் அதனால் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொல்வது. “இப்படி நடந்தால் இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே ஒரு ஜோடி போட்டு வைப்பது. பதறும்போது யோசிக்கும் பகுதி மங்கும், பழக்கம் முன்னுக்கு வரும் என்றோமே, யோசனையை முன்பே முடித்து அதைப் பழக்கத்தின் கையில் கொடுத்துவிடுவதுதான் இந்த வித்தை. ஊட்டி, குன்னூர்ப் பக்கத்துப் பழைய ஆட்களின் பேச்சைக் கவனித்தால் இது தெரியும். காலையில் வெயில் அடித்து மதியம் பனிமூட்டம் இறங்கும் ஊரில் “நாளைக்கு வர்றேன்” என்று ஒற்றையாகச் சொல்ல மாட்டார்கள், “மழை இல்லேன்னா வர்றேன்” என்பார்கள். பையில் குடை, ஸ்வெட்டர், ஒரு பொட்டலம் வர்க்கி. பாட்டி மரத்தையும் முன்பே கணக்கில் சேர்த்திருந்தார், அதனால் அவருக்கு அந்தப் பள்ளம் ஆழமாக விழவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற லாரியில் கேத்தி பாலாடா கேரட், மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. அந்த டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். மண்டிக்குத் தாமதமானால் விலை விழும், அது பணம். அவரிடம் போய் மூச்சை மெதுவாக விடுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சொல்லவும் கூடாது. திட்டம் கெட்டால் ஒரு ரயில் டிக்கெட்டோடு போகிறவனுக்கு நிதானம் மலிவு. அப்புறம், எல்லா நேரத்திலும் நிதானம் சரியும் இல்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டில் மண் நகர்ந்தால் அட்ரினலின் சொல்வதைக் கேட்டு ஓடுவதுதான் புத்தி.

அந்த லாரி டிரைவர் கடைசியில் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளை கழிக்கப் போய்விட்டார், பின்னாலேயே நாலைந்து பையன்கள். கிளையை இழுத்துப் போட்டுக்கொண்டு நனைந்தபடி அவர்கள் சிரித்துப் பேசினார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள்தான் புழுங்கினோம். எலிகளிடம் செய்த சோதனைகளில், தொல்லையை நிறுத்த ஏதோ ஒரு வழி தன் கையில் இருக்கிறது என்று முன்மூளை கண்டுகொண்டால் மூளைத்தண்டிலிருந்து எழும் அலறலை அது அடக்குவதை ஸ்டீவன் மையர் குழு பார்த்திருக்கிறது. அன்றைக்கு இது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் மழையில் இறங்கியிருப்பேனா என்பது சந்தேகம்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வழி விட்டார்கள். ரயில் போய்விட்டது, ராத்திரி வேறொன்றில் நின்றுகொண்டே போனேன். அதற்குப் பிறகு கோவையில் ரயில் என்றால் “பர்லியார் வழி அடைத்தால் கோத்தகிரி” என்று எழுதி, அந்த பஸ் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். போன வருஷம் அதே போலக் கிளம்பி, பர்லியார் வழி அடைத்து, பெருமையாகக் கோத்தகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கோத்தகிரி தாண்டி ஆறாவது கிலோமீட்டரில் மண் சரிந்து கிடந்தது.