டார்வின் எண்ணிய 127 செடிகள்

உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்று 1859-ல் சார்லஸ் டார்வின் விளக்கினார். பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. டிகாக்‌ஷனும் பாலும் போல இருவர் குணமும் கலந்துவிடுகின்றன என்பதே அன்று பரவலான நம்பிக்கை.

அதில் ஒளிந்திருந்த வில்லங்கத்தை 1867-ல் எடுத்துக்காட்டியவர் உயிரியலாளர் அல்லர். ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர். மந்தையில் ஒரே ஒரு விலங்குக்குப் பயனுள்ள புதுக் குணம் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வாய்க்கும் துணை சாதாரண விலங்கு. ஆகவே குட்டிக்கு அந்தக் குணத்தில் பாதி, அதன் குட்டிக்குக் கால், அடுத்ததற்கு அரைக்கால். இயற்கை தேர்ந்தெடுப்பதற்குள் குணமே கரைந்துபோகும்!

1868-ல் டார்வின் தன் விடையை வெளியிட்டார். உடலின் ஒவ்வொரு பகுதியும் 'ஜெம்யூல்' என்ற நுண்துகள்களை உதிர்க்கிறது. அவை இனப்பெருக்க உறுப்புகளில் திரண்டு அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்றார். அவருடைய உறவினர் பிரான்சிஸ் கால்டன், வெள்ளிச் சாம்பல் முயல்களுக்கு வேறு வகை முயல்களின் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். குட்டிகளிடம் மாற்றமே இல்லை. துகள்கள் இரத்தத்தில் ஓடுவதாக நான் சொல்லவே இல்லையே என்று 1871-ல் டார்வின் மறுத்தார். வக்கீல் வாதம்தான்.

உண்மையான தடயம் அதே 1868 நூலில் இருந்தது. சாதாரண ஸ்னாப்டிராகன் பூ இரண்டு உதடுகள் உடையது. எல்லாப் பக்கமும் ஒரே சீரான பூ அபூர்வம். டார்வின் இரண்டையும் கலந்தபோது முதல் தலைமுறையில் சாதாரணப் பூவே வந்தது. இரண்டாம் தலைமுறையின் 127 செடிகளில் 88 சாதாரணம், 37 அபூர்வ வகை, இரண்டு மட்டும் இடைப்பட்டவை. கலந்து கரைந்திருந்தால் அந்த 37 எங்கிருந்து வந்தன? ஒரு தலைமுறை அடங்கிக் கிடந்த போக்கு வலுப்பெற்றுவிட்டது என்று சொல்லி அவர் நகர்ந்துவிட்டார்.

துறவியான கிரகோர் மெண்டலோ உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளையும் 1,850 சுருங்கிய விதைகளையும் எண்ணி, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு குணத்துக்கும் செடியில் இரண்டு காரணிகள். விதைக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. சுருக்கக் காரணி உருண்டைக் காரணியோடு சேர்ந்தால் மறைந்திருக்கும், தேய்ந்துபோகாது. இரண்டு சுருக்கக் காரணிகள் சேரும்போது, அதாவது நான்கில் ஒரு தடவை, முழு வலுவோடு வெளிப்படும்.

இதைச் சொல்லி 1866-ல் அச்சான மெண்டலின் கட்டுரையை அறிவியல் உலகம் 1900-ல்தான் கண்டெடுத்தது. கலப்பினால் மட்டும் எந்தக் காரணியும் அருகிப்போகாது என்று 1908-ல் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியும் ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்கும் தனித்தனியே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜென்கினின் அரைக்கால் கணக்கு அத்தோடு செல்லாமல் போனது.