அன்இன்ஸ்டால் செய்த பின்னும் போகாத டிரைவர்

பழைய பிரிண்டர் வீட்டை விட்டுப் போய் வருடக்கணக்காகிறது. அதன் மென்பொருளையும் அப்போதே அன்இன்ஸ்டால் செய்தாயிற்று. ஆனால் விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை ஆன் செய்யப் போனால் முடியாது என்கிறது. பொருந்தாத டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்) ஒன்று இருக்கிறதாம், பார்த்தால் அதே பிரிண்டருடையது. சரி, கோப்பைத் தேடிப் பிடித்து அழித்துவிடலாம் என்று சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போகிறோம். நிர்வாகிக் கணக்கில் இருந்தும், 'இதற்கு அனுமதி இல்லை' என்று விண்டோஸ் கையைத் தட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் பலர் வலுக்கட்டாயமாக அழிக்கும் வழியைத் தேடுகிறார்கள். அதற்கு முன், அந்தக் கோப்பு ஏன் அங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரு டிரைவரை விண்டோஸ் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதில்லை. கோப்பு ஓரிடத்தில், அதைப் பற்றிய பதிவுகள் வேறு சில இடங்களில். பதிவுகளை முதலில் நீக்கினால் பெரும்பாலும் கோப்பு தானாகப் போய்விடும். வரிசையை மாற்றினால்தான் கணினி படுத்துக்கொள்கிறது.

டிரைவர் என்பது ஒற்றைக் கோப்பு அல்ல, ஒரு தொகுப்பு. அதில் ஐஎன்எஃப் கோப்பு எந்தச் சாதனத்துக்கு எதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும். கேட் கோப்பில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். சிஸ் கோப்புதான் இயக்க முறைமையின் மையமான கெர்னலுக்குள் ஓடும் நிரல். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, ஐஎன்எஃப் வழியாக எந்த டிரைவரை நிறுவினாலும் விண்டோஸ் முதலில் அந்தத் தொகுப்பை முழுதாக டிரைவர் ஸ்டோர் என்ற கிடங்கில் நகலெடுத்து வைக்கிறது. சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெப்போசிட்டரி என்று போனால் அதைப் பார்க்கலாம். கூடவே ஐஎன்எஃப் கோப்பின் இன்னொரு நகல், ஓஇஎம் என்ற சொல்லோடு ஓர் எண் சேர்ந்த பெயரில், விண்டோஸின் ஐஎன்எஃப் ஃபோல்டருக்குப் போகிறது. இரண்டு நிறுவனங்கள் தங்கள் கோப்புக்கு ஒரே பெயர் வைத்துவிட்டால் குழப்பம் வரக்கூடாதே, அதற்காகத்தான் எண்.

இந்தக் கிடங்கு வேண்டுமென்றே வைத்திருப்பது. சாதனத்தை மறுபடி செருகினால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். புதிய டிரைவர் தகராறு செய்தால் பழையதற்குத் திரும்பலாம். இதற்கு நாம் கொடுக்கும் விலை, போன சாதனங்களின் டிரைவர்களும் பழைய பதிப்புகளும் அங்கேயே தங்கிவிடுவது. பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர்கள்தான் இதில் உண்மையிலேயே இடத்தை அடைக்கும், ஒவ்வொரு பதிப்பும் பல நூறு எம்பி இருக்கும். மற்றவற்றை இடம் மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காக மட்டும் தோண்டுவது வீண் வேலை என்பது என் எண்ணம்.

இனி அனுமதி விஷயம். விண்டோஸ் 2000-இல் முக்கியமான கணினிக் கோப்பை அழித்தால் அழிய விடும், அப்புறம் சத்தமில்லாமல் சேமிப்பிலிருந்து ஒரு நகலைக் கொண்டுவந்து வைத்துவிடும். விஸ்டாவில் முறை மாறியது. சிஸ்டம்32-இல் உள்ள விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற சேவையே உரிமையாளர் ஆனது. டிரைவர் ஸ்டோரில் எழுதும் உரிமை, விண்டோஸே பயன்படுத்தும் சிஸ்டம் கணக்குக்கு. நிர்வாகியால் அங்கே படிக்க மட்டுமே முடியும். ஆனால் எந்தக் கோப்பின் உரிமையையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் சலுகை நிர்வாகிக்கு உண்டு. டேக்ஓன், ஐகேக்கல்ஸ் என்ற இரண்டு கட்டளைகளில் அது முடிந்துவிடும். ஆக, இந்தத் தடுப்பு தவறுதலாக அழிப்பதைத்தான் தடுக்கிறது. தாண்ட நினைப்பவரை அது நிறுத்தாது. தாண்டியவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதில்தான் ஆபத்து.

நூலகத்தில் ஒரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, பட்டியலில் அதன் பெயரை அடிக்காமல் விட்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும். விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், சர்வீசஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பதிவு உண்டு. அதிலுள்ள ஸ்டார்ட் மதிப்பு 0 என்றால் கணினி எழும்போதே ஏற்ற வேண்டும், 3 என்றால் தேவைப்படும்போது, 4 என்றால் முடக்கம். 0 என்று குறித்த, வட்டைப் படிக்கவே தேவைப்படும் டிரைவரின் கோப்பை அழித்துவிட்டால், அடுத்த முறை விண்டோஸ் தன் சொந்த வட்டையே படிக்க முடியாமல் நீலத் திரையில் நின்றுவிடும்.

இதைவிட நயவஞ்சகமானது ஃபில்டர் டிரைவர். சில மென்பொருள்கள் விசைப்பலகை, சிடி டிரைவ் போன்றவற்றின் அசல் டிரைவருக்கு மேலேயோ கீழேயோ தங்கள் டிரைவரை நுழைத்துக்கொள்ளும். அந்த ஏற்பாடு அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பெயர்களில் அந்தச் சாதன வகையின் ரெஜிஸ்ட்ரிப் பதிவில் இருக்கும். கோப்பு போய்ப் பெயர் மட்டும் அங்கே மிஞ்சினால், விண்டோஸ் அதைத் தேடும், கிடைக்காது, முழு அடுக்கையும் தொடங்காமல் விட்டுவிடும். சிடி எழுதும் மென்பொருளை நீக்கியதும் சிடி டிரைவே காணாமல் போன கதை ஒரு காலத்தில் மிகச் சாதாரணம். விசைப்பலகை வகையில் இப்படி நடந்தால் கடவுச்சொல்லைக்கூடத் தட்ட முடியாது. கையில் இருக்கும் விசைப்பலகை பழுது என்று நினைத்துப் புதிது மாட்டினாலும் பலன் இருக்காது, பதிவு அந்த வகை முழுவதற்கும் பொதுவானது.

அப்படியென்றால் எங்கிருந்து தொடங்குவது? முதலில், ஏதாவது தவறினால் இப்போதைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட். அடுத்து டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். இப்போது கணினியில் இல்லாத சாதனங்கள் மங்கலாகத் தெரியும். டிரைவர் விடாப்பிடியாக இருப்பதற்கு மிகப் பெரும்பாலும் காரணம் இவைதான்: சாதனம் இல்லை, ஆனால் அதன் பதிவு டிரைவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே அன்இன்ஸ்டால் கொடுத்து, டிரைவரையும் சேர்த்து நீக்கும் பெட்டியில் டிக் செய்தால் பாதி வழக்குகள் முடிந்துவிடும்.

அதிலும் போகாதவற்றுக்கு விண்டோஸோடு வரும் பிஎன்பியூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. கிடங்கில் உள்ள வெளித் தொகுப்புகளை அது ஓஇஎம் எண்ணோடு பட்டியலிடும். எண்ணைச் சொல்லி நீக்கச் சொன்னால், கோப்புகளையும் கிடங்கின் பதிவையும் சேர்த்தே நீக்கும். சாதனம் ஏதாவது இன்னும் பயன்படுத்தினால் மறுத்துவிடும். ஃபோர்ஸ் என்று சேர்த்து அந்த மறுப்பை மீறலாம், ஆனால் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் மீறக்கூடாது.

சில டிரைவர்கள் இந்தப் பட்டியலிலேயே வராது. வெப்பம் அளக்கும் கருவிகள், விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு போன்றவை ஐஎன்எஃப் இல்லாமல் நேராகச் சர்வீசஸில் பதிந்துகொள்வது உண்டு. மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் கருவியில் டிரைவர்ஸ் பக்கத்தைத் திறந்தால் அவை தெரியும். இவற்றை முதலில் டிக் எடுத்து முடக்கி, கணினியை மறுபடி தொடங்கி, ஓரிரு நாள் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு பதிவையும் கோப்பையும் நீக்குவதே நல்லது.

இவ்வளவு செய்தும் 'பயன்பாட்டில் உள்ளது' என்று ஒட்டிக்கொண்டிருக்கும் கோப்பு பெரும்பாலும் டிரைவரின் துணை டிஎல்எல் (மற்ற நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) ஆக இருக்கும். ஓடும் ஏதோ ஒரு நிரல் அதை நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கும்வரை விண்டோஸ் அழிக்க விடாது. இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அழிக்க வேண்டிய கோப்பின் பெயரை ரெஜிஸ்ட்ரியில் ஒரு காத்திருப்புப் பட்டியலில் எழுதிவைத்தால், அடுத்த தொடக்கத்தில், மற்ற நிரல்கள் எழும் முன்பே, செஷன் மேனேஜர் அதை அழித்துவிடும். அன்இன்ஸ்டால் முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்பது பல நேரம் இதற்காகத்தான். அதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கோப்போடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், கெர்னலில் ஏறுகிற பழைய டிரைவர் என்றால் கட்டாயம் வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு வந்த ஆர்டிகோர்64 டிரைவரில் 2019-இல் பதிவான ஓட்டை வழியாக, கணினியில் நுழைந்த எந்தப் பயனரும் நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் முடிந்தது. 2022-இல் பிளாக்பைட் என்ற ரான்சம்வேர் கும்பல் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிப்பவர்கள்) அதே டிரைவரைக் கொண்டு பாதுகாப்பு மென்பொருள்களைக் குருடாக்கியது. கையெழுத்து சரியாக இருந்ததால் விண்டோஸ் அதை நம்பி ஏற்றிக்கொண்டது.

ஓஇஎம் எண் இல்லாத, விண்டோஸோடு பிறந்த டிரைவர்களை மட்டும் தொட வேண்டாம், பிஎன்பியூட்டிலும் அவற்றை நீக்க மறுக்கும். ஏற்கெனவே நீக்கக்கூடாததை நீக்கியோ, தவறான டிரைவரை ஏற்றியோ விண்டோஸ் எழாமல் கிடந்தால், மீட்புச் சூழலின் கட்டளைத் திரைக்குப் போய் முதலில் ரீஸ்டோர் பாயின்ட்டை முயலலாம். கோளாறு வெளியிலிருந்து வந்த ஒரு டிரைவரால் என்றால், டிஸ்ம் கட்டளையில் விண்டோஸ் இருக்கும் வட்டையும் அந்த ஓஇஎம் பெயரையும் கொடுத்து, கணினி எழாமலேயே அதை நீக்க முடியும்.