மெம்ப்ரேன் மேல கட்டுற கடல்பாசி

ராமேஸ்வரம் பக்கம் ஒரு லாட்ஜோட கழிவுநீர் பிளான்ட்ல ஆபரேட்டரா இருக்குற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: "அண்ணே, ஸ்லட்ஜ கெட்டியாக்குற டேங்க்ல மெம்ப்ரேன் மூணு வாரம் ஒழுங்கா ஓடுது, அப்புறம் ஒரே நாள்ல பிரஷர் எகிறிடுது. வெளிய எடுத்துப் பாத்தா சகதிகூட பெருசா இல்ல, தொட்டா வழுக்குது, அவ்ளோதான். ஏன்?"

அந்த "வழுக்குது"லயே பாதி பதில் இருக்கு தம்பி.

அடிப்படைய வேகமா சொல்லிடுறேன். கழிவுநீர்ல இருக்கறத பாக்டீரியா தின்னும், தின்னு பெருகும், பெருகுனது ஸ்லட்ஜா, அதாவது சகதித் தண்ணியா நிக்கும். அதுல சுமாரா 1 சதவீதம்தான் திடப்பொருள், மிச்சமெல்லாம் தண்ணி. அத 3 சதவீதம் ஆக்கிட்டா அளவு மூணுல ஒரு பங்காயிடும், அடுத்து அத மக்கிச் செரிக்க வைக்கிற டேங்கும் சின்னதா போதும். அதுக்குத்தான் மெம்ப்ரேன், பொடிப்பொடி ஓட்டை உள்ள வடிகட்டிச் சவ்வு. ஓட்டை பெரும்பாலும் 0.04ல இருந்து 0.4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), பாக்டீரியா சுமாரா 1 மைக்ரான், நுழையாது. பம்ப் தண்ணிய உறிஞ்சும், கீழேருந்து காத்துக்குமிழி வந்து ஒட்டுறத உதறிவிட்டுக்கிட்டே இருக்கும்.

சரி, பாக்டீரியா மேல படிஞ்சா அடைச்சுக்காதா? அடைக்கும், ஆனா அது பெரிய பாவம் இல்ல. நம்ம கடக்கரைல மணல்ல ஊத்து தோண்டுனா தண்ணி ஊறி வருதுல்ல, மணியா மணியா இருக்கறது எவ்ளோ குமிஞ்சாலும் நடுவுல சந்து இருக்கும். குமிழி பட்டா பாதி உதிர்ந்தும் போயிடும். வில்லன் வேற ஆளு.

நோன்பு நேரத்துல கீழக்கரைல கடல்பாசி காய்ச்சுவாங்க, சாப்ட்டிருப்பீங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் போல பாசி போட்டா போதும், ஆறுனதும் தட்டக் கவுத்தாலும் சொட்டாது. நூத்துல 99 பங்கு தண்ணிதான், ஆனா வெளிய வராது! எனக்கு இது சின்ன வயசுலேருந்து ஆச்சரியம். பாசியோட நீளமான சர்க்கரைச் சங்கிலிங்க ஒன்னோட ஒன்னு பின்னி வலையா நிக்கும், அந்த வலைக்கு தண்ணி மேல அவ்ளோ பிரியம், ஒவ்வொரு துளியையும் கைல புடிச்சு வச்சிருக்கும், நீங்க உறிஞ்ச உறிஞ்ச வலை இன்னும் இறுகுமே தவிர தண்ணிய லேசுல விடாது.

பாக்டீரியாவும் இதே மாதிரி சர்க்கரைச் சங்கிலியும் புரோட்டீனும் கலந்த ஒரு பசைய சுரந்து, அத வச்சுதான் கூட்டமா ஒட்டிக்கிட்டு வாழுது. மெம்ப்ரேன் அடைப்ப ஆராயுற லேப்ல இந்தப் பசைக்கு டூப்பா எத ஊத்துறாங்க தெரியுமா, சோடியம் ஆல்ஜினேட்! பழுப்பு பாசிலேருந்து எடுக்கறது, நம்ம சின்னப்பாலத்து அக்காமாருங்க விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்கி எடுக்குற கட்டக்கோரைல இருக்குற அதே சரக்கு.

ஆல்ஜினேட் கட்டறதுக்கு ஆற வைக்க வேணாம், கால்சியம் பட்டா போதும். கால்சியத்துக்கு ரெண்டு கை, ரெண்டு சங்கிலிய சேத்துப் புடிக்கும். சோடியத்துக்கு ஒரே கை. நம்ம ஊர் போர் தண்ணி உப்பு, அதே தண்ணிதான் கக்கூஸ் வழியா பிளான்ட்டுக்கு வருது. சோடியம் ஏற ஏற ஸ்லட்ஜ் கட்டிக்குள்ள இருக்குற கால்சியத்த தள்ளிட்டு உக்காந்துடும், கட்டி உடையும், பசை தண்ணில அவுந்து மெம்ப்ரேனுக்கு வரும், அங்க நெருக்கத்துல மறுபடி கால்சியம் கை குடுக்க ஜெல்லி கட்டிடும். மெல்லிசு, கண்ணுக்குத் தெரியாது, வழுக்கும்.

மூணு வாரம் சும்மா இருந்துட்டு ஏன் ஒரே நாள்ல? கரைவலை மடியில பாசி அடைச்சா இழுவை எப்டி கனக்கும்னு பாத்திருப்பீங்க. பம்ப் எப்பவும் ஒரே அளவு தண்ணிதான் கேக்கும், பத்துல மூணு ஓட்டை அடைஞ்சா மிச்ச ஏழும் பத்தோட வேலைய பாக்கணும், அதுல ஓட்டம் வேகமாகுது, வேகமான எடத்துக்கு பசை இன்னும் வேகமா வருது, அந்த ஏழும் மளமளன்னு போயிடுது. அதான் அந்த எகிறல்.

காத்து படாம ஸ்லட்ஜ செரிக்கிற டேங்க்ல மெம்ப்ரேன் வச்சா கதை இன்னும் மோசம். செல்லுங்க செத்து வெடிச்சு உள்ள இருக்கறதெல்லாம் வெளிய கொட்டும். ஆக்சிஜன் பட்டா அங்க மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிருங்க தாங்காது, அதனால காத்துக்கு பதிலா அங்க வர்ற பயோகேஸையே சுத்தவிட்டு உதறுவாங்க. போதாக்குறைக்கு அமோனியாவும் பாஸ்பேட்டும் அவுந்து நிக்கும், மக்னீசியம் சேந்தா கல்லா படியும். கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 1.3 கிராம் மக்னீசியம், கடல் ஊறுன போர்ல அதுல ஒரு பங்கு வராம இருக்குமா?

பேனல்ல எலுமிச்சம்பழம் மிளகா கட்டுறது உங்க இஷ்டம், செலவு பத்து ரூபா. ஆனா எல்லா அடைப்பும் தீரும்னு டப்பால விக்கிற என்சைம் பவுடருக்கு ஆயிரக்கணக்குல குடுக்காதீங்க. என் ஆத்திரம் வேற. பாவ்நகர்ல ஆர்.ஓ. மெம்ப்ரேன் பண்ற மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்துல பாசி ஆராய்ச்சிக்கூடம் இருக்கு, பாசியும் மெம்ப்ரேனும் ஒரே குடும்பத்துல! பிளான்ட் தொறக்க ரிப்பன் வெட்டக் காசு இருக்கு, உப்புத்தண்ணி ஸ்லட்ஜ் எப்டி நடந்துக்குதுன்னு அஞ்சு வருஷம் உக்காந்து பாக்க யாரு குடுப்பா?

நீங்க இப்ப பண்ண வேண்டியது, பம்ப் உறிஞ்சுற அளவ கொஞ்சம் கொறைங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு நிமிஷம் நிறுத்தி குமிழிய மட்டும் விடுங்க. கழுவும்போது ஜெல்லிக்கு சோடியம் ஹைப்போகுளோரைட், கல்லுக்கு சிட்ரிக் ஆசிட். நடுவுல நல்ல தண்ணில அலசிடுங்க, ரெண்டையும் ஒன்னா ஊத்திடாதீங்க தம்பி, குளோரின் கேஸ் கெளம்பும்.