படனம்: வாசிப்பும் பயனும்

யாழ்ப்பாணத்துக் கோயில் அறிவித்தல்களில் 'கந்தபுராண படனம்' என்று போட்டிருக்கும். படனம் வடசொல், வாசித்தல், ஓதுதல் என்று பொருள். பாடம் என்பதும் அதே வேரில் பிறந்ததுதான், ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கிறவர்கள் பாடபேதம் என்கிறார்களே, அந்தப் பாடம்.

ஆனால் அகராதிப் பொருளோடு நின்றால் எங்கள் ஊர்ப் படனம் விளங்காது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். பயன் என்றால் இங்கே செய்யுளின் பொருள். கந்தபுராணம் பாடிய கச்சியப்பரின் முதற் செய்யுளையே பாருங்கள்: 'திகட சக்கரச் செம்முகம் ஐந்துளான்'. கேட்கிறவருக்குச் சக்கரம் என்றுதான் காதில் விழும். பயன் சொல்பவர் அதைத் திகழ், தசம், கரம் என்று பிரித்து, விளங்குகிற பத்துக் கைகளும் ஐந்து முகமும் உடைய சிவன் என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டு அரங்கேற்றக் கதைக்குப் போவார்: காஞ்சிக் குமரகோட்டத்தில் சொற்கள் இப்படிச் சேர்கிற புணர்ச்சிக்கு விதி எங்கே என்று ஒருவர் மறிக்க, முருகனே புலவராக வந்து வீரசோழியம் என்ற இலக்கண நூலை விரித்து விதியைக் காட்டினாராம். அந்த வீரசோழியத்தை 1881இல் அச்சில் தந்தவர் எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இலக்கணத்தை விட்டால் அந்தக் கதையே இல்லை, கதையோடு கேட்டவர்களுக்கோ விதி மனதில் நின்றுவிடும். அதனால்தான் கதை சொல்வது கோயிலுக்கு, ஆராய்ச்சி பல்கலைக்கழகத்துக்கு என்று பங்கு பிரிக்கிற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, படனம் என்ற வடசொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? கதாப்பிரசங்கம் பொருந்தாது, அதில் செய்யுள் செய்யுளாகப் பொருள் சொல்லும் கட்டாயம் கிடையாது. சொற்பொழிவும் அப்படித்தான். பயனுக்கு உரை என்பது நல்ல சொல். தொல்காப்பியம் உரைவகை நான்கு என்கிறது, யானையும் குருவியும் நட்பான கதையைப் பழைய உரையாசிரியர்கள் அந்த நான்கில் ஒன்றுக்குத்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். கதையும் விளக்கமும் அன்றே ஒரே பெயருக்குள் இருந்திருக்கின்றன.

படனத்துக்கு நான் தேர்வது புராணப் படிப்பு. ஊரில் பெரியவர்கள் வாயில் ஏற்கெனவே உள்ள சொல், வாசிப்பையும் கல்வியையும் சேர்த்தே குறிக்கும். அறிவித்தலில் 'கந்தபுராணப் படிப்பு' என்று போட்டு, வாசிப்பவர் பெயருக்குப் பக்கத்தில் பயன் சொல்பவர் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.