காது கேக்குறது மட்டுமில்ல, சத்தமும் போடுது

காது ஒரு மைக் மாதிரிதானே, சத்தம் உள்ள போகுது, கரண்டா மாறி மூளைக்குப் போகுது, அதுல அப்படி என்ன இருக்குன்னு ஒரு நண்பர் கேட்டார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், என் தங்கச்சி குழந்தை பொறந்த ரெண்டாவது நாள் பக்கத்துல நின்னு ஒரு டெஸ்ட்டைப் பாக்குற வரைக்கும்.

ஸ்கூல்ல படிச்சத வேகமா தாண்டிடலாம். காதுமடல் சத்தத்த வாங்கி உள்ள அனுப்புது, செவிப்பறை அதிருது, சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு குட்டி எலும்பு அந்த அதிர்வ நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்குற காக்ளியாவுக்குள்ள இருக்குற திரவத்துக்குக் கடத்துது. எலும்பு எதுக்குன்னா, காத்துல வர்ற சத்தம் நேரா தண்ணில மோதினா 99 சதவீதத்துக்கு மேல அப்படியே திரும்பிடும். அதனால செவிப்பறை வாங்குன விசையெல்லாம் அதுல 17ல ஒரு பங்கு பரப்பு இருக்குற காக்ளியா வாசல்ல இருக்குற சின்ன ஜன்னல்ல போய் குவியுது, அழுத்தம் எகிறிடுது.

காக்ளியாவ நீட்டி வச்சா சுமார் 35 மில்லிமீட்டர்தான். உள்ள நீளத்துக்கும் ஒரு சவ்வு ஓடுது, ஆரம்பத்துல குறுகலா விறைப்பா, போகப்போக அகலமா தொளதொளன்னு. கீச்சுச் சத்தம் வாசல் பக்கத்துலயும் கனத்த சத்தம் கடைக்கோடிலயும் அதிர வைக்கும். இத கண்ணால பாத்து சொன்ன கெயோர்க் பெக்கெசிக்கு 1961ல நோபல் கெடச்சது. ஆனா அவர் பாத்தது பெரும்பாலும் இறந்தவங்களோட காது, அதுல அலை அகலமா மழுங்கலா இருந்துச்சு, நாமளோ கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குற ரெண்டு ஸ்வரத்தக்கூட சட்டுனு பிரிச்சிடுறோம். அப்ப உயிரோட இருக்குற காதுல வேற ஏதோ நடக்குதுல்ல?

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். சவ்வு மேல ரெண்டு வகை முடிசெல்கள் இருக்கு. உள்வரிசைல சுமார் 3,500, மூளைக்கு சேதி சொல்றது பெரும்பாலும் இதுங்கதான். வெளிவரிசைல சுமார் 12,000, இதுங்க மூளைக்கு அனுப்புறது ரொம்ப கம்மி, அப்ப என்னதான் பண்ணுது? ஆடுது! சத்தம் வந்து உச்சியில இருக்குற முடி சாஞ்சா செல்லோட மின்னழுத்தம் மாறும், உடனே அதோட சுவர்ல நெருக்கமா அடுக்கியிருக்குற பிரெஸ்டின்ங்கிற புரதம் வடிவம் மாறி செல்லே சுருங்கும், திரும்ப நீளும், இதெல்லாம் ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஊஞ்சல்ல சரியான நேரம் பாத்து தள்ளி விடுற மாதிரி, மெல்லிசா வர்ற அதிர்வ இதுங்க தள்ளித் தள்ளி பெருசாக்குது, அதுவும் அந்தந்த இடத்துக்கு உரிய சுருதிய மட்டும். உயிர் போனா இந்த ஆட்டமும் நின்னுடும், அதான் பெக்கெசி பாத்த அலை மழுங்கிப் போயிருந்துச்சு.

தாமஸ் கோல்ட்ங்கிற விஞ்ஞானி 1948லயே காதுக்குள்ள இப்படி ஒரு பெருக்கி இருக்கணும், இருந்தா காதே சத்தம் போடணும்னு சொன்னார், அப்ப இருந்த கருவில அது சிக்கல, யாரும் பெருசா கண்டுக்கவும் இல்ல. 30 வருஷம் கழிச்சு 1978ல லண்டன்ல டேவிட் கெம்ப்ங்கிற இன்னொரு விஞ்ஞானி காதுக்குள்ள ஒரு குட்டி மைக் வச்சு, ஒரு க்ளிக் குடுத்தா சில மில்லிசெகண்ட் கழிச்சு உள்ளேருந்து பதில் சத்தம் வர்றத பதிவு பண்ணார். உடனடி பலன் என்னன்னு கேட்டு ஆராய்ச்சிக்குக் காசு குடுக்குறவங்க இந்தக் கதைய ஒரு தடவ படிக்கணும், ஏன்னா இதோட பலன்தான் நான் பாத்த அந்த டெஸ்ட்.

தூங்கிட்டிருந்த குழந்தையோட காதுல ஒரு மெத்து முனைய வச்சாங்க, உள்ள க்ளிக் போகுது, காது போடுற பதில் மெஷின் திரைல கோடா ஏறுது. குழந்தை முழிக்கவே இல்ல, ஆனா வெளிவரிசை செல்லெல்லாம் வேல செய்யுதுன்னு காதே சொல்லிடுச்சு. பதில் வரலன்னா கேக்கலன்னு அர்த்தம் இல்ல, பிரசவத்தப்போ போன திரவம் அடைச்சிருந்தாலும் வராது, திரும்ப எடுத்துப் பாப்பாங்க. குழந்தைக்குப் பேச்சு வரலன்னா லேட்டா வரும், தானா சரியாகும்னு வருஷக்கணக்கா காத்திருக்குறதுதான் எனக்கு பெரிய வருத்தம். 1 மாசத்துக்குள்ள இந்த டெஸ்ட், 3 மாசத்துக்குள்ள உறுதி பண்றது, 6 மாசத்துக்குள்ள சிகிச்சை, இதுதான் டாக்டருங்க சொல்ற கணக்கு.