பிரேயர்: வணக்கமா, வழிபாடா, வேண்டலா?

சேலம் வட்டாரப் பள்ளிகளில் காலை மணி அடித்ததும் மாணவர்கள் திடலில் வரிசையாக நிற்கும் நேரத்துக்கு, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றி வழங்கும் பெயர் பிரேயர். பிரேயருக்கு நேரமாகிவிட்டதென்று ஓடும் பிள்ளையின் மனத்தில் இருப்பது கடவுள் அல்ல. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு, நாட்டுப்பண் ஆகியவை அடங்கிய கூட்டமே. அரசுப் பள்ளியில் பிரேயர் இருக்கலாமா என்ற விவாதம் எழும்போது, ஒருவர் இந்தக் கூட்டத்தையும் மற்றவர் கடவுளிடம் கேட்பதையும் நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் பேச்சு முடிவதே இல்லை.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன இச்சொல்லின் வேர், 'இரந்து கேள்' என்று பொருள்படும் இலத்தீன் வினை. 'பிரார்த்தனை' என்னும் வடசொல்லும் கேட்டல், விரும்புதல் என்னும் பொருளுள்ள வினையடியிலிருந்து பிறந்ததே. இரண்டிலும் கேட்பவர் ஒருவர், கேட்கப்படுபவர் ஒருவர், கேட்கும் பொருள் ஒன்று என மூன்றும் உள்ளன.

தமிழில் இதற்கு நிகராக வழங்கும் சொற்கள் பல, எல்லாம் ஒன்றல்ல. 'வணக்கம்' வளைதலைக் குறிக்கும் 'வணங்கு' என்பதிலிருந்து வந்தது. வில் வளைவதை 'வில்வணக்கம்' என்கிறது 827ஆம் குறள். அதில் பணிவு உண்டு, கேட்டல் இல்லை. 'வழிபாடு' வழிப்படுதல், அதாவது ஒருவர் நெறியைப் பின்பற்றி ஒழுகுதல். 'வழிபடு தெய்வம் நிற்புறங் காப்ப' என்று தொல்காப்பியத்திலேயே தெய்வத்தோடு சேர்ந்து வரும் இச்சொல், பூசை, விழா, சடங்கு அனைத்தையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது. 'செபம்' உருப்போடுதலைக் குறித்த வடசொல்லின் தமிழ் வடிவம். கத்தோலிக்கர் திருப்பலியில் வழங்கும் 'மன்றாட்டு' எனக்கு மிகவும் பிடித்த சொல்; மன்றத்தில் நின்று முறையிடுவதே அதன் அடிப்பொருள். இசுலாமியர் 'தொழுகை'யையும், கையேந்திக் கேட்கும் 'துஆ'வையும் வேறுவேறாகவே வைத்திருக்கிறார்கள். மூலச்சொல்லுக்கு நேரான தமிழ் 'வேண்டுதல்'தான். ஆனால் ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் வேண்டுதல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் செலுத்த வேண்டிய நேர்த்திக்கடன் இருக்கிறதென்றே கேட்பவர் கொள்வார். ஆகவே 'இறைவேண்டல்' என்பதே ஐயமற்ற சொல்.

அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு இந்த வேறுபாடுகளைக் கவனித்தே எழுதப்பட்டிருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் 'சமயப் போதனை' கூடாதென்கிறது முதல் உட்பிரிவு; அரசின் ஏற்போ உதவியோ பெற்ற நிறுவனத்தில் ஒருவரை அவருடைய இசைவின்றி, சிறாராயின் காப்பாளர் இசைவின்றி, சமயப் போதனையிலோ 'சமய வழிபாட்டிலோ' பங்கேற்கச் செய்யக்கூடாதென்கிறது மூன்றாம் உட்பிரிவு. சேர்வராயன் மலையில் உள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு முதலாவது பொருந்தும். 1917இல் ஏற்காட்டில் தொடங்கிய மான்ஃபோர்ட் போன்ற கிறித்தவத் துறவியர் பள்ளிக்குப் பொருந்துவது இசைவு பற்றிய மூன்றாவது.

அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்குவோர் 'பொதுப் பள்ளி' என்று எழுதுவதும் தவறான எண்ணத்தைத் தரும். நம் ஊரில் பப்ளிக் ஸ்கூல் என்ற பலகை மாட்டியிருப்பது பெரும்பாலும் கட்டணப் பள்ளி, அங்கே அது அரசுப் பள்ளி. நியூயார்க் மாநில அதிகாரிகளே எழுதிக் கொடுத்த ஒரு சிறு இறைவேண்டலை, விரும்பாத மாணவர் விலகியிருக்கலாம் என்ற நிலையிலும், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாதென்றது. ஆட்டம் முடிந்தபின் திடலில் மண்டியிட்டு வேண்டிய பள்ளிக் கால்பந்துப் பயிற்றுநர் ஒருவரின் உரிமையை 2022இல் அதே நீதிமன்றம் ஏற்றது. முன்னதில் வேண்டலை இயற்றியது அரசு, பின்னதில் வேண்டியவர் தனி மனிதர் என்று நீதிமன்றம் கண்டது.

நம் நாட்டில் இதே சிக்கல் கேந்திரிய வித்யாலயாக்களின் காலைப் பாடலால் எழுந்து, 2019இல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதில் வரும் 'அசதோ மா சத்கமய' என்னும் உபநிடத வரி, பொய்மையிலிருந்து மெய்மைக்கு என்னை இட்டுச் செல் என்று கேட்கிறது. இலக்கணப்படி அது வேண்டலே, ஆனால் எந்தத் தெய்வத்தின் பெயரும் அதில் இல்லை. 1970 முதல் நம் அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்தோ இதற்கு நேர்மாறானது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை இறைவணக்கப் பாடலென்றும் நாட்டுப்பண் போன்றதன்று என்றும் கூற, அதே மாதத்தில் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. அப்பாடல் விளிப்பது தெய்வத்தையும் குறிக்கும் 'அணங்கு' என்னும் சொல்லால்; அதன் முடிவு வினையோ 'வாழ்த்துதும்', எதையும் கேட்பதில்லை. பெயரால் ஆராய்ந்தால் ஒன்றும், வினையால் ஆராய்ந்தால் மற்றொன்றும் பிரேயர் ஆகிவிடும். பள்ளிக் குறிப்பேட்டில் 'காலை வணக்கக் கூட்டம்' என்றும், வழக்கு பற்றி எழுதுகையில் 'இறைவேண்டல்' என்றும், 28ஆம் பிரிவைச் சொல்லும்போது 'சமய வழிபாடு' என்றும் பிரித்து எழுதினால் யார் எதை எதிர்க்கிறார் என்பதாவது தெரியும்.