கரண்ட் வைத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். கைப்பையிலிருந்து கைபேசி அளவில், வலிக்குக் கரண்ட் வைக்கும் ஒரு மெஷினை எடுத்து என் மேசையில் வைத்தார். “துபாய்ல இருந்து பையன் அனுப்புனான் டாக்டரம்மா. ஒரு மாசமா வெச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணும் கேக்கல. நீங்களே வெச்சுக்குங்க.” வயது அறுபதுக்கு மேல், இரண்டு முட்டியிலும் தேய்மானம்.

“வீட்ல எப்படி வெப்பீங்களோ அப்படியே வெச்சுக் காட்டுங்கம்மா” என்றேன்.

கரண்ட் பாயும் ஒட்டுப் பேடு இரண்டையும் முட்டிச் சில்லின் மேலேயே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். காலையில் தேய்த்த தைலம் தோலில் இன்னும் மினுமினுத்தது. பேடுகளின் ஓரம் பொரித்த அப்பளம் போல வளைந்து நின்றது, நடுவில் நாலைந்து முடி. அளவை 4இல் வைத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “லேசா எறும்பு ஊர்ற மாதிரி.” அப்புறம் என்ன செய்வீர்கள்? “அப்புறம் என்ன, சீரியல் முடியுற வரைக்கும் அப்படியே படுத்திருப்பேன்.”

மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை.

டென்ஸ் என்கிற இந்தக் கருவி இப்போது ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது. கூடவே ஒரு நம்பிக்கையும் வீட்டுக்கு வந்துவிடுகிறது: கரண்ட் வைத்தால் குணமாகிவிடும். ஆகாது. தேய்ந்த குருத்தெலும்பைக் கரண்ட் வளர்க்காது, பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளாது. நரம்புக்கு சார்ஜ் ஏறுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஏறாது ஐயா, நரம்பு பேட்டரி கிடையாது. இப்படி நினைக்க வைத்ததில் எங்கள் பிசியோதெரபித் தொழிலுக்கும் பங்கு உண்டு. ‘பத்து நாள் கரண்ட்’ என்று சொல்லிக் கட்டிலில் படுக்க வைத்து, ஒயரை மாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டால், கரண்ட்தான் வைத்தியம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? “கரண்ட் வைக்க வந்தேன்” என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை நான் இப்போதெல்லாம் திருத்துவதுகூட இல்லை.

கருவி செய்வது ஒன்றே ஒன்று. வலிச் செய்தி மேலே போகும் வழியில் கூட்டத்தை உண்டாக்குகிறது. முட்டியை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்து விடுகிறோமே, அதே சூட்சுமம். மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் இதை முதுகுத்தண்டில் இருக்கும் ஒரு ‘கதவு’ என்று விளக்கினார்கள். அதற்கு வெகு முன்பே, கி.பி. முதல் நூற்றாண்டில், ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய வைத்தியர் ஒரு வழி எழுதி வைத்தார்: கால் வீங்கி வலிப்பவர் ஈரக் கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கை மேல் காலை வைத்து, முட்டி வரை மரக்கும்படி நிற்க வேண்டும். பாவம் அந்த மீன்.

ஆக, கிடைப்பது கொஞ்ச நேரம். கரண்ட் ஓடும்போதும், அணைத்த பிறகு சிறிது நேரமும் வலி மட்டுப்படும். அந்த நேரத்தைப் படுக்கையில் கழித்தால் என்ன லாபம்? மெஷினை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள், நாற்காலியில் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள், சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சியைச் செய்யுங்கள். வலியால் எதைச் செய்யாமல் தள்ளிப் போட்டீர்களோ, அதைச் செய்யத்தான் இந்த அரை மணி, ஒரு மணி நேரம்.

ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் இடுப்பு வலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பல ஆய்வுகளில் கொடுத்த கரண்ட் போதவில்லை என்று எதிர்வாதமும் உண்டு. என் அனுபவத்தில் எறும்பு ஊரும் அளவுக்கு வைப்பதும் வைக்காமல் இருப்பதும் ஒன்றுதான். வலுவாகத் துடிக்க வேண்டும், ஆனால் தாங்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். தசை இழுத்துக்கொண்டால் அதிகம், ஒரு புள்ளி குறையுங்கள். பத்து நிமிடத்தில் உணர்வு மங்கினால் மெஷின் நின்றுவிடவில்லை, உடம்பு பழகிவிட்டது; ஒரு புள்ளி ஏற்றுங்கள். எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் 12இல் வைத்தால் அது அவர் தோல்.

துடிப்பின் வேகத்தை முதலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை துடிப்பு, வைத்துப் பாருங்கள். பழகிப்போய்ப் பலன் குறைந்தால், துடிப்பு தானே மாறிக்கொண்டிருக்கும் மாடுலேஷன் முறைக்கு மாற்றலாம். இதற்கு மேல் பட்டன்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பேடு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தைலம், எண்ணெய், பவுடர் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஓரம் தூக்கிய பேடில் கரண்ட் மொத்தமும் ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் பாயும். அதனால்தான் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்கிறது, நீங்களும் பயந்து அளவைக் குறைக்கிறீர்கள். காய்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லையென்றால் தூக்கிப் போடுங்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். ஆமாம், ஒட்டிக்கொண்டு வந்தவர் இருக்கிறார். முட்டிக்கு ஒரு பேடு சில்லுக்கு மேலே, ஒன்று கீழே. வலி நடுவில் இருக்கட்டும். ஒட்டும்போதும் எடுக்கும்போதும் மெஷின் அணைந்திருக்க வேண்டும்.

இனி வருவது கெஞ்சல் இல்லை. பேஸ்மேக்கர் இருந்தால் தொடவே தொடாதீர்கள். நெஞ்சு வலி, இடது தோள் வலி என்று இதை எடுத்து ஒட்டிக்கொண்டு உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தின் முன்பக்கம், தலை, புண், புற்றுநோய் கண்ட இடம், ரத்தம் உறைந்த கால், இங்கெல்லாம் கூடாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. வண்டி ஓட்டும்போது, குளிக்கும்போது, தூங்கும்போது கூடாது. முதுகு வலியோடு காய்ச்சல் இருந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அது கரண்டுக்கான வலியே இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று. போன வாரம் வந்தவருக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. ஒன்றும் தெரியவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பேடு இருந்த இடத்தில் நாலணா அளவுக்குக் கொப்புளம். உணர்வு இல்லாத தோலில் ‘தாங்கும் அளவு’ என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? மூடிய பேனாவின் முனையால் தொட்டுப் பாருங்கள். தெரியாத இடத்தில் பேடு ஒட்டாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு முட்டியைக் கழுவி, என்னிடமிருந்த புதுப் பேடுகளை ஒட்டி, 11 வரை ஏற்றினேன். “அய்யோ” என்றார், அப்புறம் “பரவால்ல, இருக்கட்டும்” என்றார். வராந்தாவில் நாலு நடை நடக்க வைத்தேன். மூன்றாவது நடையில் சுவரைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான்: இதைவிடப் பெரிய மெஷின் இருக்கிறதா, பையனை அனுப்பச் சொல்லட்டுமா?

மெஷின் வேண்டாம் அம்மா, பேடு நாலு செட் அனுப்பச் சொல்லுங்கள் என்றேன்.